வீடு நகரல, முகவரி மட்டும் மாறுது: ஏன், எப்படி?

மலாக்கா பழைய நகரில் 'எண் 8, ஹீரன் ஸ்திரீட்' என்று ஒரு வீடு இருக்கிறது. டச்சுக்காரர் காலத்துக் கடைவீடு. பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுரிமை அமைப்பு அதைச் சீரமைத்துப் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைத்தது. ஆனால், அந்தச் சாலையின் அதிகாரப்பூர்வப் பெயர் ஹீரன் ஸ்திரீட் இல்லை. ஜாலான் துன் தான் செங் லோக். 1949-இல் மலேசியச் சீனர் சங்கத்தின் முதல் தலைவரான அவருடைய குடும்ப வீடும் அதே சாலையில்தான் இருக்கிறது.

வீடு அதே வீடு. எண் அதே 8. மாறியது சாலையின் பெயர் மட்டும். ஆனாலும் மக்கள் வாயில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.

இது சுற்றுலாத் தலத்துக்கு மட்டும் நடக்கும் விஷயம் இல்லை. உங்கள் தாமானில், உங்கள் வரிசை வீட்டில், நாளைக்கே நடக்கலாம். அப்படி நடந்தால் வீடு இன்னும் உங்களுடையதுதானா? அடையாள அட்டையை மாத்தணுமா? ஓட்டு எங்கே போடுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு முகவரிக்கு எத்தனை முதலாளி?

முகவரியை நாம் ஒரே வரியாகப் படிக்கிறோம். ஆனால், அதில் உள்ள ஒவ்வொரு துண்டும் வேறு வேறு கையில் இருக்கிறது.

வீட்டு எண்ணும் சாலைப் பெயரும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. மலாக்கா மாநிலத்தில் நான்கு மன்றங்கள் உண்டு: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம், அலோர் காஜா நகராண்மைக் கழகம், ஜாசின் நகராண்மைக் கழகம்.

ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு போஸ் மலேசியாவின் வேலை. ஊராட்சி மன்றம் சாலைப் பெயரை மாற்றினாலும் அஞ்சல் குறியீடு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நிலத்தின் எண், அதாவது நாம் 'லோட் நம்பர்' என்று சொல்வது, நில அலுவலகத்துக்கும் நில அளவைத் துறைக்கும் உரியது. முக்கிம், மாவட்டம் என்ற பிரிவுகளும் அவர்கள் பக்கம்தான்.

இந்த மூன்று கோடுகளும் எப்போதும் ஒன்றாக ஓடுவதில்லை. நல்ல உதாரணம் புலாவ் செபாங். அந்த ஊர் மலாக்காவில் இருக்கிறது. ஒட்டி இருக்கும் தம்பின் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. இரண்டுக்கும் அஞ்சல் குறியீடு 73000. ரயில் நிலையத்தின் பெயரே 'புலாவ் செபாங்/தம்பின்'. கடிதத்துக்கு ஒரே ஊர் போலத் தெரிவது, வரி கட்டும்போதும் ஓட்டுப் போடும்போதும் இரண்டு மாநிலம்.

சரி, ஏன் மாத்துறாங்க?

காரணம் ஒன்று அல்ல. மலாக்காவைச் சுற்றி வந்தாலே பல காரணங்கள் கண்ணில் படும்.

*மொழி.* ஜாலான் துக்காங் எமாஸ் முன்பு கோல்ட்ஸ்மித் ஸ்திரீட். இரண்டுக்கும் பொருள் பொற்கொல்லர் தெரு. இங்கே பெயர் போகவில்லை, மொழி மட்டும் மாறியது. 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது.

*மரியாதை.* ஒருவரை நினைவுகூரப் பெயர் வைப்பது. ஹீரன் ஸ்திரீட் துன் தான் செங் லோக் ஆனது அப்படித்தான். பக்கத்துச் சாலையான ஜோங்கர் ஸ்திரீட், ஜாலான் ஹங் ஜெபாட் ஆனது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரோடு, ஜாலான் துன் சம்பந்தன் ஆனது. 2014-இல் ஜாலான் டூத்தாவுக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் என்றும், ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதிக்கு ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்றும் பெயர் வந்தது. இன்றைக்கும் டாக்சியில் ஏறி 'ஜாலான் டூத்தா' என்று சொன்னால் டிரைவருக்குப் புரியும்.

*எழுத்துக்கூட்டல்.* 1972 ஆகஸ்ட் 16-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மலாய் மொழிக்குப் பொதுவான புதிய எழுத்துமுறையை அறிவித்தன. 'ஆயர்' என்று எழுதி வந்தது 'ஆயிர்' ஆனது. ஆனால் ஆயர் கெரோ பக்கம் போனால் இரண்டு எழுத்துக்கூட்டலும் பலகைகளில் தென்படும். மனிதருக்கு இது ஒரே ஊர். கணினிக்கு இரண்டு ஊர்.

*எல்லை மாற்றம்.* 2010 ஜனவரி 1-இல் ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம் உருவானது. மற்ற மூன்று மன்றங்களின் கீழ் இருந்த சில பகுதிகள் அதற்குப் போயின. நிர்வாகம் கை மாறும்போது, வரி பில் எங்கிருந்து வருகிறது என்பதும் மாறும். ஒரே பெயரில் இரண்டு சாலை ஒரே நிர்வாகத்துக்குள் வந்துவிட்டால், ஒன்றை மாற்ற வேண்டிய தேவையும் வரலாம்.

*பாதுகாப்பு.* இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 999-க்கு அழைத்தால் 'எந்த இடம்?' என்று கேட்பார்கள். 'ஏழாங்கட்டை தாண்டி, கோவிலுக்கு எதிர்ல, மூணாவது லயம்' என்று சொன்னால் ஊர்க்காரருக்குப் புரியும். ஆம்புலன்ஸ் ஓட்டி வருகிறவர் வேற்றூர்க்காரராக இருந்தால்? ஒரே பெயரில் இரண்டு சாலை இருந்தால்? அங்கே வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு உயிருக்கான நிமிடம்.

*எண் குழப்பம்.* ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை என்பது வழக்கமான முறை. இடையில் புது வீடு முளைத்தால் எண்ணுக்குப் பின்னால் 'ஏ', 'பி' ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டில் 4-க்குப் பதிலாக '3ஏ' எழுதும் பழக்கம் வேறு. ஜாசின் பக்கம் 'ஜேஏ', 'ஜேசி' என்று தொடங்கும் வீட்டு எண்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளூர் அஞ்சல்காரருக்கு அது பழகிய எண். புதிதாக வரும் டெலிவரி தம்பிக்கு அது புதிர்.

எப்படி மாத்துறாங்க?

புதிய தாமானாக இருந்தால் கதை எளிது. வீடமைப்பு நிறுவனம் சாலைப் பெயர்களை முன்மொழியும். ஊராட்சி மன்றம் பார்த்து ஒப்புதல் தரும். அதனால்தான் பல தாமான்களில் பெயர்கள் சுருக்கெழுத்தும் எண்ணுமாக இருக்கின்றன. ஆயர் கெரோவில் தாமான் தாசேக் உத்தாமாவில் 'ஜாலான் தியு 2', நகரில் பிளாசா மக்கோத்தாவில் 'ஜாலான் பிஎம் 5' என்பது போல. கணக்குக்கு வசதி. ஆனால், அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று அந்தப் பெயர் சொல்லாது.

ஏற்கனவே மக்கள் குடியிருக்கும் சாலையாக இருந்தால், பொதுவாக நடப்பது இதுதான்.

1. முன்மொழிவு வரும். குடியிருப்பாளர் சங்கம், சட்டமன்ற உறுப்பினர், மாநில அரசு, மன்றத்தின் சொந்தத் துறை என யாரிடமிருந்தும் வரலாம்.

2. மன்ற அதிகாரிகள் ஆராய்வார்கள். அதே பெயர் வேறு எங்காவது இருக்கிறதா, எழுத்துக்கூட்டல் சரியா, எத்தனை வீடு, எத்தனை கடை பாதிக்கப்படும் என்று பார்ப்பார்கள்.

3. இடப்பெயர்களுக்கு நாட்டளவில் ஒரு வழிகாட்டி உண்டு. அதைக் கவனிக்கும் தேசியப் புவியியல் பெயர்க் குழு 2002-இல் அமைந்தது. நில அளவைத் துறையான 'ஜூபெம்' அதன் செயலகம். மாநில அளவிலும் குழுக்கள் உண்டு.

4. மன்றத்தின் முழுக் கூட்டம் முடிவெடுக்கும். முக்கியமான பெயர்களுக்கு மாநில அரசின் ஒப்புதலும் தேவைப்படும்.

5. பலகை மாறும். வரி பில்லில் புது முகவரி வரும்.

கவனித்தீர்களா? இந்த ஐந்து படிகளில் 'ஒவ்வொரு வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும்' என்று ஒரு படி இல்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. இங்கே மன்ற உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, அவற்றை முடித்து வைத்தது. உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு.

அப்போ நம்ம பேச்சுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. அதே சட்டம் 171-இன்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுவாக மக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று மன்றத்தைக் கேட்டால் சொல்வார்கள். ஆட்சேபம் இருந்தால் பலகை நட்ட பிறகு கோபப்படுவதைவிட, முன்மொழிவு காதில் விழுந்த உடனே குடியிருப்பாளர் சங்கம் மூலமாக எழுத்தில் கொடுங்கள். அண்டை வீட்டார் கையெழுத்தையும் சேருங்கள். 'பிடிக்கல' என்று மட்டும் எழுதாமல், எத்தனை கடை, எத்தனை உரிமம், எத்தனை முதியவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்கோடு எழுதினால் கடிதத்துக்கு எடை கூடும்.

பேர் மாறினா வீடு போயிடுமா?

போகாது. இதைப் பெரியவர்களிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

உங்கள் நிலப் பட்டா, அதாவது 'கெரான்', சாலைப் பெயரை நம்பி நிற்பதில்லை. அதில் இருப்பது பட்டா எண், லோட் எண், முக்கிம், மாவட்டம். சாலைக்கு ஆயிரம் முறை பெயர் மாறினாலும் லோட் அதே லோட். புதிய தாமான்களில் நில அளவை முடியும் முன் 'பிடி' எண் கொடுப்பார்கள், அளவை முடிந்த பிறகு அது லோட் எண்ணாக மாறும். அதுவும் நில அலுவலகத்தின் வேலைதான், ஊராட்சி மன்றத்துக்கு அதில் தொடர்பில்லை.

இங்கேதான் இரண்டு வரியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நில வரி நில அலுவலகத்துக்கு. மதிப்பீட்டு வரி, நம் வீட்டில் 'சுக்காய் பிந்து' என்று சொல்வது, ஊராட்சி மன்றத்துக்கு. மதிப்பீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பது மட்டுமே நீங்கள் நில உரிமையாளர் என்பதற்குச் சான்று ஆகாது. கெரான்தான் சான்று.

தோட்டத்து முகவரி: அது வேற கதை

இதுவரை சொன்னது கெரான் உள்ளவர்களுக்கு. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களின் நிலை வேறு.

மலாக்காதான் மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக வேர் பிடித்த இடம். 1896-இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசஹான் பெரிய தோட்டமானது. அதன் பிறகு வந்த தோட்டங்களில் பால் வெட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

அவர்களின் முகவரி எப்படி இருந்தது? பெயர், தோட்டத்தின் பெயர், சில நேரம் டிவிஷன், பிறகு பக்கத்து ஊர். அவ்வளவுதான். சாலைப் பெயர் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். வீடு கம்பெனியுடையது, சாலை கம்பெனியுடையது. அதனால் ஊராட்சி மன்றம் வீட்டுக்கு வீடு எண் கொடுத்து வரி வாங்கும் பேச்சு அங்கே எழவில்லை.

தாமானில் சாலைப் பெயர் மாறினால் பழைய முகவரியும் புதிய முகவரியும் ஒரே வீட்டைக் காட்டும். தோட்டம் கை மாறி, லயம் உடைபட்டு, அந்த நிலம் தாமானாகவோ தொழிற்சாலையாகவோ ஆகும்போது, பழைய முகவரி எந்த வீட்டையும் காட்டுவதில்லை. அங்கே முகவரி மாறவில்லை, மறைந்துவிடுகிறது. 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இதே பயம்தான் மக்களை ஆட்டியது. அதற்குப் பதிலாகத்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

உங்க பாட்டியோட அடையாள அட்டையை எடுத்துப் பாருங்க. அதில் இன்னும் தோட்டத்தின் பெயர் இருக்கலாம். பத்து வருஷத்துக்கு முன்பே மகன் வீட்டுக்கு, தாமானுக்கு வந்திருப்பார். அட்டை மட்டும் இன்னும் தோட்டத்திலேயே குடியிருக்கும். அரசு உதவிக்கான கடிதம், மருத்துவமனைத் தேதி, நீதிமன்ற அறிவிப்பு எல்லாம் ஆளில்லாத இடத்துக்குப் போகும் ஆபத்து இதில் இருக்கிறது.

ஓட்டும் அப்படித்தான். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதில் வாக்காளராகத் தானாகவே பதிவாகும் முறை நடப்புக்கு வந்தது. எந்தத் தொகுதி என்பதை அடையாள அட்டையில் உள்ள முகவரிதான் முடிவு செய்கிறது. ஏற்கனவே வாக்காளராக இருப்பவர் வீடு மாறினால், தொகுதி தானாக மாறாது. முதலில் அடையாள அட்டையில் முகவரியை மாற்றி, பிறகு தேர்தல் ஆணையத்திடம் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தோட்டப் பெயர்கள் முழுக்க அழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. காடேக், அசஹான், ரிம், செர்காம் இன்று சட்டமன்றத் தொகுதிகளின் பெயர்கள். ஜாசின் லாலாங், டைமண்ட் ஜூப்லி என்ற பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. ஒரு பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் தோட்டத்தின் பெயர் வரும். வீட்டு முகவரியில் வராது.

மற்ற ஊர்களில் எப்படி?

சென்னைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கதவில் 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டு எண். மாநகராட்சி எண்களை மாற்றியது, மக்கள் பழையதையும் விடவில்லை. அழைப்பிதழில்கூட இரண்டையும் போடுவார்கள்.

தென்கொரியா நிலத்துண்டு எண்ணை வைத்து எழுதிய முகவரிகளை விட்டுவிட்டு, சாலைப் பெயரும் கட்டட எண்ணும் கொண்ட முறைக்கு 2014 ஜனவரி 1-இல் முழுமையாக மாறியது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் சாலைப் பெயரே இல்லாத கிராமப்புற வீடுகளுக்கு அவசர அழைப்புக்காகப் பெயரும் எண்ணும் கொடுத்தார்கள். அங்கேயும் ஆதரவும் எதிர்ப்பும் இருந்தன. 'எங்க ஊருக்கு எதுக்கு பேரு? எங்களுக்குத் தெரியாதா?' என்ற கேள்வி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

உங்க சாலைப் பேரு மாறினா என்ன செய்யணும்?

• மன்றத்திடமிருந்து வரும் அறிவிப்புக் கடிதத்தை எறியாதீர்கள். பழைய முகவரியும் புதிய முகவரியும் ஒரே வீடுதான் என்று காட்டும் கடிதம் அது. கடிதம் வரவில்லை என்றால் மன்றத்திடம் உறுதிக் கடிதம் கேளுங்கள். நாலைந்து நகல் எடுத்து வையுங்கள்.

• முதலில் அடையாள அட்டை. வேறு வீட்டுக்குக் குடிபோனால் 30 நாள்களுக்குள் தேசியப் பதிவுத் துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சாலைப் பெயர் மட்டும் மாறும்போது நீங்கள் குடிமாறவில்லை. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள், மற்ற இடங்களில் எல்லாம் அட்டையைத்தான் கேட்பார்கள்.

• பிறகு மின்சாரத்துக்கு தெனாகா, தண்ணீருக்கு மலாக்கா நீர் நிறுவனமான சம்பு. பில்லில் புது முகவரி வந்துவிட்டால் மற்ற இடங்களுக்கு அது நல்ல சான்று.

• அடுத்து வங்கி, காப்புறுதி, ஊழியர் சேமநிதி வாரியம், பெர்கெசோ, வருமான வரி வாரியம், சாலைப் போக்குவரத்துத் துறை, பிள்ளைகளின் பள்ளி.

• கடையோ சிறு தொழிலோ இருந்தால் நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம். பதிவு, மன்றத்தின் வணிக உரிமம், ரசீதுப் புத்தகம், பெயர்ப்பலகை. செலவு அதிகம் விழுவது இவர்களுக்குத்தான். ஆட்சேபக் கடிதம் எழுதும்போது இவர்களை மறக்க வேண்டாம்.

• இணையக் கடைகளின் செயலிகளில் சேமித்து வைத்த முகவரியையும் மாற்றுங்கள். கூகுள் வரைபடத்தில் பழைய பெயரே நின்றால், திருத்தம் நீங்களே அனுப்பலாம்.

• ஆறு மாதத்துக்காவது புது முகவரிக்குப் பக்கத்தில் பழைய பெயரையும் எழுதுங்கள்.

• இதையெல்லாம் நீங்கள் போனில் பத்து நிமிடத்தில் முடிப்பீர்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவால் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

கடைசியா ஒன்னு

சாலைக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. அது தேவையும்கூட, ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றக் கூடாது. ஆனால், அந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்பதை ஞாபகம் வைத்திருப்பது மன்றத்தின் வேலை இல்லை.

ஹீரன் ஸ்திரீட் என்ற பெயர் பிழைத்ததற்குக் காரணம், அந்த வீடு இன்னும் நிற்கிறது, ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். லயத்துக்கு அந்த வசதி இல்லை. வீடே போய்விட்டது. ஆகவே, பாட்டியின் அடையாள அட்டையில் முகவரியை மாற்றும் முன், பழைய அட்டையைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம். பக்கத்தில் யார் வீடு, கோவில் எந்தப் பக்கம் என்று பாட்டியையே கேளுங்கள். புது முகவரிக்குக் கடிதம் வரட்டும். பழைய முகவரி உங்க வீட்டில் இருக்கட்டும்.